சொன்னவரிடமே கேளுங்கள்

முற்றிலும் தெரியாத மொழியில் ஒருவர் பேசினால் நமக்குப் பெரிய தொல்லை இல்லை. புரியவில்லை என்பது புரிந்துவிடும். பக்கத்தில் இருப்பவரைக் கேட்போம், கையால் காட்டச் சொல்வோம். நம் சொல்லைப் போலவே காதில் விழுகிற சொல்தான் சிக்கல். அது தெரிந்த முகமாக வந்து நிற்பதால், யார் என்று விசாரிக்கக்கூடத் தோன்றுவதில்லை.

இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை நான். அரசு மருத்துவமனைகளில் மருந்து கொடுக்கிற சன்னலுக்குப் பின்னால் நின்று தெரிந்துகொண்டது. பதவியின் பெயர் மருந்தாளுநர் என்றாலும், சனங்களுக்கு நான் கடைசிவரை 'கம்பவுண்டர்' தான். மாற்றல் உத்தரவுகள் என்னை இராமநாதபுரம் கடற்கரைக்கும், ஓசூருக்கும், கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தன. தமிழ் இன்னொரு பேச்சோடு தோள் உரசி நிற்கிற இடங்கள் எல்லாம். எண்பதைத் தொடப்போகிற இந்த வயதில், அன்று அலமாரியில் அடுக்கிய மருந்துகளின் பெயர்கள் பாதி மறந்துவிட்டன. சன்னலுக்கு வெளியே கேட்ட சொற்கள் மறக்கவில்லை.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தமிழர்கள் படகேறி வரத் தொடங்கிய காலம். மண்டபம் முகாம் நிரம்பி வழிந்தது. முன்னொரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிற தொழிலாளர்களைத் தங்கவைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பிய இடம் அது. இப்போது அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு இடம் கொடுத்தது. அங்கிருந்து ஒரு தாய் நான்கு வயதுப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் மருத்துவமனைக்கு வந்தார். சீட்டு எழுதுகிறவரிடம், "பிள்ளைக்கு நல்லா வருத்தம் ஐயா" என்றார்.

சீட்டு எழுதுகிறவர் நல்ல மனிதர். வீடு வாசலை விட்டு வந்த குழந்தை, ஏங்கிப்போயிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். "வருத்தப்படாதீங்கம்மா, எல்லாம் சரியாயிரும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அந்த அம்மா விளங்காமல் நின்றார். "மூண்டு தரம் சத்தி எடுத்தவள்" என்று மறுபடியும் சொன்னார். அதுவும் இவருக்குப் பிடிபடவில்லை. குழந்தைக்குச் சத்தி இல்லை, டானிக் வேண்டும் என்கிறாராக்கும் என்று என் பக்கம் கையைக் காட்டினார்.

அப்போது வார்டிலிருந்து வந்துகொண்டிருந்த மூத்த செவிலியர் ஒருவர் அப்படியே நின்றார். குழந்தையின் கண்ணைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். "என்னம்மா செய்யுது பிள்ளைக்கு? நடந்ததை அப்படியே சொல்லு" என்றார். "காய்ச்சல், மிஸி. சாப்பிட்டதெல்லாம் வெளிய வருது" என்றார் தாய். இலங்கையில் செவிலியரை 'மிஸி' என்றுதான் அழைப்பார்கள். குழந்தை உடனே உள்ளே போயிற்று. உடம்பில் நீர் வற்றியிருந்தது. உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலை ஒவ்வொரு கரண்டியாகக் கொடுத்து, மறுநாள் அது எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டது.

யாழ்ப்பாணத்தில் வருத்தம் என்றால் நோய். நோயாளி வருத்தக்காரர். சத்தி என்றால் வாந்தி. நம் பக்கத்தில் வருத்தம் மனத்துக்கு வருவது. சத்தி உடம்புக்கு வேண்டியது. பிறகு ஓய்வு நேரத்தில் அகராதிகளைப் புரட்டத் தொடங்கியபோது எனக்குப் பெரிய வியப்பு காத்திருந்தது. பழந்தமிழில் வருந்துதல் உடம்புக்கும் மனத்துக்கும் பொதுவான சொல். நடந்து களைத்த கால் வருந்தும், பிரிந்த மனமும் வருந்தும். கடலுக்கு இந்தப் பக்கம் மனத்தை வைத்துக்கொண்டோம்; அந்தப் பக்கம் உடம்பை வைத்துக்கொண்டார்கள். இருவரும் ஆளுக்குப் பாதி காப்பாற்றியிருக்கிறோம்.

சத்தியின் கதை வேறு. வலிமை என்ற பொருளில் நாம் சொல்லும் சத்தி, 'சக்தி' என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். வாந்தியைக் குறிக்கும் சத்தி, 'சர்தி' என்ற வேறொரு வடசொல்லிலிருந்து வந்தது. மலையாளத்தில் இன்றும் வாந்திக்குச் சர்தி என்கிறார்கள். தமிழ் நாக்கில் புரண்டு இரண்டும் ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன. ஆக, வருத்தம் ஒரே வேரிலிருந்து இரண்டாகப் பிரிந்தது. சத்தி இரண்டு வேரிலிருந்து ஒன்றாகச் சேர்ந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு சிக்கலும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அந்த மக்களோடு பழகப் பழக இப்படிப் பல சொற்கள். "ஆறுதலா வாங்கோ" என்றால் அவசரப்படாமல் வாருங்கள் என்று பொருள். தேற்றுவதற்கு அங்கே ஒன்றும் நடந்திருக்காது. 'வடிவான பிள்ளை' அழகான பிள்ளை. 'பெட்டை' என்று சிறு பெண்ணை வாய் நிறைய, பாசமாகச் சொல்வார்கள். நம் ஊரில் அதே சொல்லைச் சொன்னால் சண்டை வரும். மருந்து சாப்பிடும் முறையை விளக்கி முடித்ததும் ஒரு பெரியவர், "விளங்கயில்லை" என்றார். எங்களோடு வேலை பார்த்த திருநெல்வேலிக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் ஊரில் விளங்காது என்பது சாபம். பெரியவர் சொன்னதோ, புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள் என்பது. விளங்குதல் என்றால் ஒளிவிடுதல். ஒளி வந்தால் பொருள் தெரியும். ஒளி வந்தால் குடும்பம் தழைக்கும். ஒரே வெளிச்சத்தை அவர்கள் அறிவின் பக்கமும் நாம் வாழ்வின் பக்கமும் வைத்திருக்கிறோம்.

ஓசூரில் வேறு பாடம். அங்கே தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் நடமாடும். தளி பக்கத்துக் கன்னட விவசாயி ஒருவர் வந்து, "சளி ஜ்வர" என்றார். சீட்டில் 'சளி, காய்ச்சல்' என்று ஏறிவிட்டது. இருமல் மருந்தோடு வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர். ஆய்வுக்கூடத்தில் இருந்த உள்ளூர்க்காரர் தற்செயலாக அதைக் கேட்டு, தன் உடம்பை உதறிக் காட்டி, இப்படியா என்று கேட்டார். ஆமாம் என்று தலையசைத்தார் விவசாயி. விரலில் ஊசி குத்தி இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மலேரியா.

கன்னடத்தில் சளி என்றால் குளிர். தெலுங்கில் அதுவே 'சலி'. சளி ஜ்வரம் என்பது குளிர் நடுக்கத்தோடு வரும் காய்ச்சல். தமிழில் அந்தச் சொல் மூக்கிலும் நெஞ்சிலும் கட்டிக்கொள்வதற்குப் பெயராகிவிட்டது. வேர் ஒன்றேதான். குளிரால் வருவதை நாம் குளிரின் பெயராலேயே அழைக்கத் தொடங்கி, பிறகு குளிரை மறந்துவிட்டோம்.

அதே ஊரில் தெலுங்கு பேசும் ஒருவரிடம் என் சக ஊழியர் ஒருவர், இருமல் மருந்தும் தரவா என்று கேட்டார். "அவசரம் லேது" என்றார் அவர். அவசரமில்லை என்கிறாரே, நல்ல பொறுமைசாலி என்று அவரைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மற்றவர்களைக் கவனித்தார் ஊழியர். எதற்கு உட்காரச் சொன்னார்கள் என்று தெரியாமலே அவரும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. அந்த மருந்து வேண்டாம் என்றுதான் அவர் சொன்னார். இந்திக்காரருக்கு இதே சொல் வாய்ப்பு. வடமொழியில் தக்க தருணம் என்று பொருள்பட்டது. தருணம் வாய்த்தது என்று ஒருவர் நினைக்க, தேவைப்பட்ட தருணம் என்று ஒருவர் நினைக்க, தருணம் தப்பிவிடுமே என்று நாம் ஓடுகிறோம்.

உறவுப் பெயர்களிலும் இதே கதைதான். தெலுங்கில் 'அம்மாயி' சிறு பெண். தமிழ்நாட்டின் பல ஊர்களில் அம்மாயி, அம்மாவைப் பெற்ற பாட்டி. மலையாளத்தில் தாய்மாமன் மனைவி. துளு பேசுகிறவர்களுக்கு 'அப்பெ' என்றால் அம்மா, 'அம்மெ' என்றால் அப்பா. சிங்களத்தில் 'தாத்தா' என்றால் அப்பா. நோயாளியோடு யார் வந்திருக்கிறார்கள் என்று எழுதுகிற இடத்தில் இவையெல்லாம் விளையாட்டல்ல. கையெழுத்துப் போட வேண்டியவர் யார் என்பதே மாறிப்போகும்.

குழித்துறைப் பக்கம் போனபோது காய்ச்சலுக்குப் 'பனி' என்றார்கள். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மண். தமிழும் மலையாளமும் அங்கே ஒரே வீட்டில் புழங்கும். மார்கழியில் புல்மேல் இருப்பதுதான் பனி என்று வளர்ந்த தஞ்சாவூர்க்காரருக்கு, "பிள்ளைக்குப் பனி" என்றால் என்ன தோன்றும்? பனித்தல் என்றால் நடுங்குதல் என்று பழந்தமிழில் ஒரு பொருள் உண்டு. அந்த நடுக்கத்தை மலையாளம் காய்ச்சலுக்குப் பெயராக வைத்துக்கொண்டது. 'வெள்ளம்' என்றால் அங்கே குடிக்கிற தண்ணீர். பொடி மருந்தை வெள்ளத்தில் கலக்கிக் குடிக்கலாமா என்று கேட்பார்கள். காவிரிக் கரையில் பிறந்தவருக்கு வெள்ளம் என்றால் கரை உடைப்பதுதான் நினைவுக்கு வரும்.

அங்கே ஒருநாள் ஒரு மகன் தன் தகப்பனாரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து, "அச்சனு சம்சாரிக்கான் வய்யா" என்றார். காதில் விழுந்த சம்சாரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, பெரியவருடைய மனைவிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று வெளியூரிலிருந்து வந்திருந்த பணியாளர் நினைத்தார். மலையாளத்தில் சம்சாரித்தல் என்றால் பேசுதல். அப்பாவால் பேச முடியவில்லை என்று மகன் பதறுகிறார். பெரியவருடைய வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது; பக்கவாதம். நல்லவேளையாக மருத்துவர் முகத்தைப் பார்த்துவிட்டார்.

இந்தச் சம்சாரம் போன ஊர்களை எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. வடமொழியில் பிறந்து இறந்து சுழல்கிற வாழ்க்கை. இந்தியில் உலகம். தெலுங்கில் குடும்பம். தமிழில் மனைவி. மலையாளத்தில் பேச்சு. 'சிக்ஷா' என்பதும் அப்படியே. இந்தியில் கல்வி, தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் தண்டனை. பிறந்த வீடு ஒன்றாக இருந்தாலும், பெண்கள் புகுந்த வீட்டுப் பழக்கத்துக்கு மாறிவிடுவதில்லையா? சொற்களும் அப்படித்தான். அவற்றைப் பிறந்த வீட்டுக் கணக்கை வைத்து விசாரிப்பது நியாயமில்லை. 'இதற்கு உண்மையான அர்த்தம் வேறு, நீங்கள் தப்பாகச் சொல்கிறீர்கள்' என்று திருத்தப் புறப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நாற்றம் என்றால் ஒரு காலத்தில் நறுமணம். அதற்காக இன்று மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வருகிற பெண்ணிடம், நல்ல நாற்றம் என்று சொல்ல முடியுமா? ஒரு சொல்லின் பழைய பொருள் அதன் வரலாறு. இன்று பேசுகிறவர் எந்தப் பொருளில் சொல்கிறாரோ அதுதான் அதன் பொருள்.

நம் முன்னோர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். தொல்காப்பியர் சொற்களை நான்காகப் பிரித்தபோது, இயற்சொல், திரிசொல், வடசொல் ஆகியவற்றோடு திசைச்சொல் என்றும் ஒரு வகை வைத்தார். செந்தமிழ் நிலத்தைச் சுற்றியிருந்த பன்னிரண்டு நிலங்களின் வழக்கு அது. அதைப் பிழை என்று அவர் ஒதுக்கவில்லை. செய்யுளுக்கு உரிய சொல் என்று வரிசையில் இடம் கொடுத்து உட்காரவைத்தார். நம் காலத்தில் கி. ராஜநாராயணன் கரிசல் காட்டுச் சொற்களுக்கு அகராதி செய்ததும் அதே மரியாதையில்தான்.

ஒலி ஒத்திருந்தால் உறவு என்றும் முடிவுகட்டிவிடக் கூடாது. ஓசூரில் பல் வலிக்கு 'ஹல்லு நோவு' என்பார்கள், காது வலிக்குக் 'கிவி நோவு' என்பார்கள். பால் அங்கே ஹாலு, புலி ஹுலி, பத்து ஹத்து, பள்ளி ஹள்ளி. நம் பகரம் சொல்லின் முதலில் வரும் இடத்தில் கன்னடத்தில் வரிசையாக ஹகரம் நிற்கிறது. செவிக்குக் கிவி. இப்படி ஓர் ஒழுங்கு தெரிந்தால்தான் உறவு என்று சொல்ல முடியும். தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816-இல் சென்னையில் எல்லிஸ் எடுத்துக்காட்டியதும், நெல்லைச் சீமையில் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856-இல் தம் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டதும் இந்த வழியில்தான். ஒன்றிரண்டு சொற்களை வைத்துக்கொண்டு அவர்கள் பேசவில்லை. பொறுமையாக வரிசை வரிசையாக அடுக்கிப் பார்த்தார்கள்.

தற்செயல் ஒற்றுமை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அதன் வடகிழக்கில் குயின்ஸ்லாந்துப் பகுதியில் பழங்குடி மக்கள் பேசிய ம்பபரம் என்ற மொழியில் நாய்க்குப் பெயர் 'டாக்'. ஆங்கிலேயரிடமிருந்து வாங்கியது என்று யாரும் சத்தியம் செய்வார்கள். டிக்சன் என்ற மொழியியலாளர் அக்கம்பக்கத்து மொழிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். 'குடக' என்ற அந்த மண்ணின் பழைய சொல், முதல் அசையை இழந்து, ஒலி மாற்ற விதிகளின்படியே தேய்ந்து, அப்படி வந்து நின்றிருக்கிறது. ஆங்கிலத்துக்கும் அதற்கும் எந்த ஒட்டும் இல்லை. பாரசீகத்திலும் ஆங்கிலத்திலும் 'பேட்' என்றால் கெட்டது. அதிலும் உறவு இல்லை. உலகத்து மொழிகளில் எங்காவது தமிழைப் போல ஒரு சொல் கேட்டால், அதுவும் நம்முடையதே என்று நம் பிள்ளைகள் பூரித்துப் போகிறார்கள். தமிழ்மேல் உள்ள அன்பு அது, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விசாரித்துப் பார்க்காத பெருமையை எதிராளி ஒரே கேள்வியில் கலைத்துவிடுவார். கட்டுமரமும் சுருட்டும் ஆங்கிலத்துக்குப் போனதற்குச் சான்று இருக்கிறது. சன்னலும் சாவியும் மேசையும் போர்ச்சுக்கீசியரிடமிருந்து நமக்கு வந்ததற்கும் சான்று இருக்கிறது. கொடுத்ததையும் வாங்கியதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

அந்த மூத்த செவிலியரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் கடலோரத்துக் கிராமத்தில் பிறந்தவர். அகராதி எதையும் புரட்டியவர் இல்லை. ஆனால் யார் எதைச் சொன்னாலும், "உங்க ஊர்ல அதுக்கு என்ன அர்த்தம்மா?" என்று முகம் மலரக் கேட்பார். கேட்டு முடித்ததும், தான் புரிந்துகொண்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, சரிதானே என்று ஒருமுறை உறுதிசெய்துகொள்வார். மருந்து கொடுத்த பிறகு, எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று அவர்களையே சொல்லச் சொல்வார். வரிசை நீண்டிருக்கும், பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அவர் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. "ஒரு நிமிஷம் கேட்டா ஒரு உசுரு மிச்சம் தம்பி" என்று என்னிடம் சொன்னார். அந்தப் பழக்கத்தைத்தான் நான் ஓய்வு பெறும்வரை கைவிடாமல் பிடித்துக்கொண்டேன்.

மருத்துவமனையை விட்டு வந்தபின் பார்த்தால், குடும்பங்களிலும் தெருவிலும் இதே வைத்தியம் தேவைப்படுகிறது. ஒரே மொழி பேசுகிற வீட்டிலேயே மாமியார் ஊர்ச் சொல் மருமகளுக்கு வசவாகக் கேட்கிறது. மருமகள் ஊர்ச் சொல் மாமியாருக்கு மரியாதைக் குறைவாகப்படுகிறது. கொங்கு நாட்டில் 'ங்க' ஒட்டாமல் பேச்சே வராது. தென்கோடியில் 'ல' போட்டுக் கூப்பிடுவதில்தான் நெருக்கமே இருக்கிறது. ஒருவர் பேச்சை மற்றவர் தம் ஊர் அளவுகோலால் அளந்தால், இருவருக்குமே மனம் புண்படும். கோபம் வந்த இடத்தில் நின்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், பல வருடப் பேச்சுவார்த்தை முறிந்திருக்காது என்று நினைக்கும்படியான உறவுகளை நான் பார்த்திருக்கிறேன்.

இன்று பிள்ளைகள் பெங்களூரிலும் கொச்சியிலும் ஐதராபாத்திலும் வேலை பார்க்கிறார்கள். வீட்டுக்கு மருமகளாகவும் மருமகனாகவும் வேறு பேச்சுக்காரர்கள் வருகிறார்கள். அவர்களிடமிருந்து தெரிந்த மாதிரி ஒரு சொல் வந்து விழுந்தால், அதற்கு உங்கள் ஊர்ப் பொருளை ஏற்றிக்கொண்டு மனம் வருந்தாதீர்கள், சிரித்தும் விடாதீர்கள். உங்கள் ஊரில் இதற்கு என்ன பொருள் என்று அன்போடு கேளுங்கள். சொன்னவரைவிட அதை நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை.